மண்ணிலிருந்து மருந்து கண்ட வேளாண் அறிஞர் செல்மன் வாக்ஸ்மன்: காசநோய்க்கு முதல் மருந்தும் நீதிமன்றம் வரை சென்ற உரிமைப் போரும்

காசநோயைக் குணப்படுத்தும் முதல் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினுக்காக 1952ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற செல்மன் ஆபிரகாம் வாக்ஸ்மன், மருத்துவம் பயின்றவர் அல்லர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ரட்கர்ஸ் வேளாண் கல்லூரியில், வயல் மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளை எண்ணியும் இனம் பிரித்தும் ஏறத்தாழ கால் நூற்றாண்டைக் கழித்த மண்ணியல் அறிஞர் அவர். உரக்குழி, மட்கு, உருளைக்கிழங்குச் சொறி நோய் என்று விவசாயிகளின் கவலைகளையே தமது ஆய்வுப் பொருளாகக் கொண்டிருந்த ஒருவர், மனித குலத்தின் மிகப் பழைய கொள்ளை நோய்களில் ஒன்றுக்கு மருந்து தந்தவராக அறியப்பட்டது எப்படி என்பது அறிவியல் வரலாற்றின் சுவையான பகுதிகளில் ஒன்றாகும். அந்தப் புகழில் அவருடைய மாணவர் ஒருவருக்கும் பங்கு உண்டு என்பதும், அது நெடுங்காலம் மறைக்கப்பட்டிருந்தது என்பதும் அதே வரலாற்றின் கசப்பான பகுதி.

உக்ரைனிலிருந்து நியூ ஜெர்சிக்கு

வாக்ஸ்மன் 1888ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி, அன்றைய ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த உக்ரைனின் நோவா பிரிலுகா என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சுற்றிலும் கரிசல் நிலம். கோதுமையும் பீட்ரூட்டும் விளையும் வளமான பூமி. ஆனால் யூத இளைஞர்களுக்கு அங்குள்ள பல்கலைக்கழகங்களின் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. அவருடைய இளைய சகோதரி சிறு வயதிலேயே தொண்டை அடைப்பான் நோய்க்குப் பலியானார். தாயார் 1909ஆம் ஆண்டு காலமானார். அதன் பின் ஊரில் தங்குவதற்கு அவருக்குப் பெரிதாகக் காரணம் ஏதும் இருக்கவில்லை. 1910ஆம் ஆண்டு அமெரிக்கா சென்ற அவர், நியூ ஜெர்சியில் உறவினர் ஒருவரின் பண்ணையில் தங்கிக் கோழிகளையும் தோட்டத்தையும் கவனித்தார்.

அந்தப் பண்ணைக்கு அருகிலேயே இருந்தது ரட்கர்ஸ் கல்லூரி. மருத்துவம் படிக்கும் எண்ணம் வாக்ஸ்மனுக்கு இருந்தது. ஆனால் ரட்கர்ஸில் பணியாற்றிய மண் நுண்ணுயிரியல் அறிஞர் ஜேக்கப் லிப்மன் வேளாண்மையைத் தேர்ந்தெடுக்குமாறு அவருக்கு அறிவுரை கூறினார். லிப்மனும் ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறியவரே. உயிர் வேதியியலைப் புரிந்துகொள்ள விரும்புவோருக்கு மருத்துவக் கல்லூரியைக் காட்டிலும் வேளாண் கல்லூரியே பொருத்தமானது என்ற அவருடைய கருத்தை வாக்ஸ்மன் ஏற்றுக்கொண்டார். 1915ஆம் ஆண்டு இளநிலைப் பட்டமும், அடுத்த ஆண்டு முதுநிலைப் பட்டமும் பெற்றார். 1918ஆம் ஆண்டு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, மீண்டும் ரட்கர்ஸுக்கே திரும்பினார்.

மண்வாசனை தரும் உயிரிகள்

மாணவப் பருவத்தில் லிப்மன் அவருக்கு அளித்த பணி எளிமையானது, சலிப்பூட்டக்கூடியதும்கூட. கல்லூரிப் பண்ணையில் குழிகள் தோண்டி, வெவ்வேறு ஆழங்களிலிருந்து மண் எடுத்து, அதில் எத்தனை பாக்டீரியாக்கள், எத்தனை பூஞ்சைகள் உள்ளன என்று எண்ண வேண்டும். அவ்வாறு எண்ணியபோது, இரண்டு வகையிலும் சேராத ஒரு கூட்டம் கண்ணாடித் தட்டுகளில் தோன்றியது. பார்வைக்குப் பூஞ்சையைப் போல இழை இழையாகவும், அளவில் பாக்டீரியாவைப் போலச் சிறிதாகவும் இருந்த அவை ஆக்டினோமைசீட்டுகள் எனப்படும் உயிரிகள். அப்போது அவற்றைப் பொருட்படுத்தியவர்கள் மிகச் சிலரே.

மழை பெய்து ஓய்ந்ததும் எழும் மண்வாசனைக்கு முக்கியக் காரணம் இந்த உயிரிகள் வெளியிடும் ஒரு வேதிப்பொருள்தான். அதனைப் பிரித்தெடுத்து ஜியோஸ்மின் என்று 1965ஆம் ஆண்டு பெயரிட்டவர்களும் ரட்கர்ஸ் ஆய்வாளர்களே. அவர்களுள் ஒருவரான ஹியூபர்ட் லெச்செவாலியே, வாக்ஸ்மனின் மாணவர்.

வாக்ஸ்மன் இந்த உயிரிகளை விடவில்லை. 1916ஆம் ஆண்டு ரோலண்ட் கர்டிஸ் என்பவருடன் இணைந்து வெளியிட்ட ஆய்வில் பல இனங்களை அவர் விவரித்தார். அவற்றுள் சாம்பல் நிறம் கொண்ட கிரைசியஸ் என்னும் இனமும் ஒன்று. சுமார் 27 ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பெயர் உலகெங்கும் மருத்துவமனைகளில் ஒலிக்கப்போகிறது என்பதற்கு அன்று எந்த அறிகுறியும் இல்லை.

1920களில் அவருடைய பணி முழுவதும் விவசாயம் சார்ந்ததாகவே இருந்தது. கந்தகத்தை உண்டு அமிலத்தை உமிழும் ஒரு பாக்டீரியாவை அவரும் ஜேக்கப் ஜாஃபி என்பவரும் 1922ஆம் ஆண்டு விவரித்தனர். மண்ணில் கந்தகத்தைக் கலந்தால் இந்தப் பாக்டீரியா அதனை அமிலமாக மாற்றும். கரையாத பாறை பாஸ்பேட்டைப் பயிர் உறிஞ்சும் வடிவத்துக்குக் கொண்டுவரவும், அமில மண்ணில் வளர இயலாத சொறி நோய்க் கிருமியிடமிருந்து உருளைக்கிழங்கைக் காக்கவும் அந்த அமிலம் உதவும். அந்தச் சொறி நோயை உண்டாக்குவதும் ஆக்டினோமைசீட்டு வகையைச் சேர்ந்த ஓர் உயிரிதான். 1927ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட மண் நுண்ணுயிரியல் கோட்பாடுகள் குறித்த பெருநூல் அத்துறையின் அடிப்படை நூலாக ஏற்கப்பட்டது. மட்கு குறித்த நூல் 1936ஆம் ஆண்டு வெளிவந்தது. அத்துடன் அவர் எழுதுவதை நிறுத்தியிருந்தாலும், வேளாண் அறிவியலில் அவருக்கு நிலையான இடம் இருந்திருக்கும்.

மண்ணில் மறையும் கிருமி

அவரைத் தொற்று நோய்களின் பக்கம் திருப்பியது ஒரு கேள்வி. காசநோயாளிகளின் சளியும், நோயுற்று இறந்த கால்நடைகளின் உடல்களும் மண்ணுக்குள் செல்கின்றன. அவற்றிலுள்ள கிருமிகள் அங்கே என்ன ஆகின்றன? அமெரிக்கத் தேசிய காசநோய்ச் சங்கம் 1932ஆம் ஆண்டு இந்த வினாவை வாக்ஸ்மனிடம் ஒப்படைத்தது. அவருடைய மாணவர் செஸ்டர் ரைன்ஸ் சில ஆண்டுகள் ஆராய்ந்து, காசநோய்க் கிருமிகள் மண்ணில் மெல்ல மெல்ல அழிகின்றன என்று கண்டறிந்தார். அவற்றை அழிப்பது எது என்ற அடுத்த கேள்வியை அப்போது யாரும் தீவிரமாகத் தொடரவில்லை. வாக்ஸ்மனும் தொடரவில்லை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். கையில் இருந்த விடையை அவர் பத்தாண்டு காலம் பிரித்துப் பார்க்கவில்லை.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. அவரிடம் பயின்று 1927ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்ற பிரெஞ்சுக்காரரான ரெனே டுபோ, நியூ யார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பணியாற்றிவந்தார். மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து பிற கிருமிகளைக் கொல்லும் பொருளை அவர் 1939ஆம் ஆண்டு பிரித்தெடுத்தார். ஆசிரியர் கற்றுக்கொடுத்த முறையிலேயே மாணவர் மருந்தைத் தேடி வென்றுவிட்டார். ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது; காயங்களுக்கும் தொற்றுகளுக்கும் மருந்து தேவைப்பட்டது. வாக்ஸ்மன் தமது ஆய்வகம் முழுவதையும் இந்தத் தேடலுக்குத் திருப்பினார். மெர்க் மருந்து நிறுவனம் நிதி அளித்தது. கிடைக்கும் காப்புரிமைகள் அந்நிறுவனத்துக்குச் சேரும் என்பது ஏற்பாடு.

அவர்களுடைய முறை எளிமையானது. மண்ணைக் கரைத்துத் தட்டில் ஊற்றி வளர்ப்பார்கள். ஏதேனும் ஒரு திட்டைச் சுற்றிப் பிற கிருமிகள் வளராமல் வெற்றிடம் தெரிந்தால், அந்தத் திட்டு எதையோ சுரக்கிறது என்று பொருள். அதைப் பிரித்தெடுத்துச் சோதிப்பார்கள். ஆயிரக்கணக்கான திட்டுகளில் ஒன்றிரண்டே தேறும். 1940ஆம் ஆண்டு பாய்ட் வுட்ரஃப் என்னும் மாணவருடன் கண்டறிந்த ஆக்டினோமைசின் கிருமிகளோடு விலங்குகளையும் கொன்றது. பிற்காலத்தில் அதன் ஒரு வடிவம் குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. 1942ஆம் ஆண்டின் ஸ்ட்ரெப்டோத்ரைசின் நம்பிக்கை அளித்தது. ஆனால் அது சிறுநீரகத்தைப் பாதித்தது. இத்தகைய மருந்துகள் அனைத்துக்கும் இன்று உலகம் வழங்கும் ஆண்டிபயாடிக் என்ற பெயரை நிலைநிறுத்தியவர் வாக்ஸ்மனே.

அடித்தளத்தில் ஓர் ஆய்வாளர்

ஆல்பர்ட் ஷாட்ஸ் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ரட்கர்ஸில் மண்ணியல் பயின்று, போர்க்காலத்தில் ராணுவ மருத்துவமனைகளில் பாக்டீரியா ஆய்வாளராகப் பணியாற்றினார். மருந்தின்றி வீரர்கள் தொற்று நோய்களால் இறப்பதை அங்கே கண்டார். முதுகு வலி காரணமாக விடுவிக்கப்பட்டு, 1943ஆம் ஆண்டு ஜூன் மாதம் மாதம் 40 டாலர் உதவித்தொகையில் வாக்ஸ்மனின் ஆய்வகத்துக்குத் திரும்பியபோது அவருக்கு வயது 23. பென்சிலினுக்குக் கட்டுப்படாத கிருமிகளையும் காசநோய்க் கிருமியையும் தாக்கும் மருந்தைத் தேடும் பொறுப்பை அவர் ஏற்றார். தீவிரமான காசநோய்க் கிருமியைக் கையாள்வது ஆபத்தானது என்பதால், அவருக்குக் கட்டடத்தின் அடித்தளத்தில் தனி அறை ஒதுக்கப்பட்டது. வாக்ஸ்மனின் அலுவலகம் மேல் மாடியில் இருந்தது.

ஷாட்ஸ் இரவும் பகலும் அங்கேயே கழித்தார். அவருடைய குறிப்பேட்டில் 1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதியிட்டு, 11ஆவது சோதனை என்ற தலைப்பில் தேடல் தொடங்குகிறது. சில வாரங்களிலேயே இரண்டு சாம்பல் பசுமை நிறத் திட்டுகள் சிக்கின. ஒன்று, மிகுதியாக உரமிடப்பட்ட கல்லூரி வயலின் மண்ணிலிருந்து வந்தது. மற்றொன்று, கோழி ஒன்றின் தொண்டையிலிருந்து எடுக்கப்பட்டுக் கோழி நோய் ஆய்வுப் பிரிவிலிருந்து அனுப்பப்பட்டது. அக்டோபர் 19ஆம் தேதி ஷாட்ஸ் அவற்றைக் குழாயில் அடைத்து மூடினார். 1916ஆம் ஆண்டு வாக்ஸ்மன் விவரித்த அதே கிரைசியஸ் இனம்.

1944ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான முதல் ஆய்வுக் கட்டுரையில் மூன்று பெயர்கள் இடம்பெற்றன: ஷாட்ஸ், எலிசபெத் பூஜி, வாக்ஸ்மன் என்ற வரிசையில். காசநோய்க் கிருமி மீதான விளைவை விளக்கிய கட்டுரையை அதே ஆண்டில் ஷாட்ஸும் வாக்ஸ்மனும் வெளியிட்டனர். காப்புரிமை விண்ணப்பத்தில் பூஜியின் பெயர் சேர்க்கப்படவில்லை.

அதன் பிறகு நிகழ்ந்தவை வேகமானவை. மின்னசோட்டா மாநிலத்தின் மேயோ மருத்துவமனையில் வில்லியம் ஃபெல்ட்மனும் கார்வின் ஹின்ஷாவும் காசநோய் ஏற்றப்பட்ட கினிப்பன்றிகளுக்கு மருந்தைச் செலுத்தினர், அவை பிழைத்தன. 1944ஆம் ஆண்டு நவம்பரில் நோய் முற்றிய 21 வயது இளம்பெண் ஒருவருக்கு முதன்முதலாக மருந்து அளிக்கப்பட்டது. அவர் குணமடைந்து, பின்னர் திருமணம் செய்து பிள்ளைகளும் பெற்றார். போருக்குப் பின் டாலர் பற்றாக்குறையால் தவித்த பிரிட்டனால் மிகச் சிறிதளவு மருந்தையே வாங்க முடிந்தது. எனவே யாருக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டு முறையில் முடிவு செய்து, அதையே ஆய்வாகவும் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்தியது. 107 நோயாளிகளில் 55 பேர் மருந்து பெற்றனர். ஆறு மாதங்களில் அவர்களில் 4 பேர் இறந்தனர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். புதிய மருந்துகளைச் சோதிக்க இன்று உலகம் பின்பற்றும் முறைக்கு 1948ஆம் ஆண்டு வெளியான அந்த அறிக்கை முன்மாதிரியாயிற்று.

அதே அறிக்கை ஓர் எச்சரிக்கையையும் சுமந்திருந்தது. மருந்து பெற்றோர் பலரின் உடலில் சில வாரங்களிலேயே கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாதவையாக மாறின. செவித்திறனையும் உடலின் சமநிலையையும் மருந்து பாதித்தது. வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தால்தான் அது நிலைத்த பலன் தரும் என்பது பின்னர் தெளிவாயிற்று.

இந்தியாவில்

இந்த மருந்து எத்தகைய வெற்றிடத்தில் வந்தது என்பதை இந்தியர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஜவாஹர்லால் நேருவின் துணைவியார் கமலா நேரு காசநோயால் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1936ஆம் ஆண்டு காலமானார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி புதுமைப்பித்தன் அதே நோய்க்கு 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி பலியானார்; அப்போது அமெரிக்காவில் மருந்து விற்பனைக்கு வந்துவிட்டது. இந்தியாவில் அது தயாராகத் தொடங்கியது 1960களில்தான், புனேக்கு அருகே பிம்ப்ரியில் அமைந்த அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸில்.

1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளை மருத்துவமனையில் அடைத்து வைக்கத் தேவையில்லை, வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று 1959ஆம் ஆண்டு நிறுவியது. ஸ்ட்ரெப்டோமைசினையும் ஐசோனியசிட் என்னும் மருந்தையும் வாரத்துக்கு இருமுறை மட்டும் நேரடிக் கண்காணிப்பில் அளித்தாலும் போதும் என்று அம்மையம் 1964ஆம் ஆண்டு காட்டியது. நாள்தோறும் மருந்தகம் வர இயலாத ஏழைத் தொழிலாளர்களுக்கு அது பெரும் நிம்மதி.

வழக்கும் பரிசும்

வாக்ஸ்மனின் நற்பெயருக்கு விழுந்த கறை இதே காலத்தைச் சேர்ந்தது. இவ்வளவு முக்கியமான மருந்து ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கக் கூடாது என்று அவர் மெர்க் நிறுவனத்திடம் எடுத்துரைத்தார். அந்நிறுவனமும் தனது தனியுரிமையைக் கைவிட்டது. இது பாராட்டத்தக்க செயல். காப்புரிமை ரட்கர்ஸ் அறக்கட்டளைக்குச் சென்றது. வாக்ஸ்மனும் ஷாட்ஸும் தங்கள் உரிமையைப் பெயரளவில் ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தனர். ஆனால் அறக்கட்டளைக்கு வரும் உரிமைத்தொகையில் ஒரு பங்கு வாக்ஸ்மனுக்குத் தனியே சென்றுகொண்டிருந்தது. மாணவருக்கு இது தெரியாது. செய்தியாளர்களிடம் பேசும்போதும் கண்டுபிடிப்பாளராக வாக்ஸ்மன் ஒருவரே முன்னிறுத்தப்பட்டார்.

விவரம் அறிந்த ஷாட்ஸ் 1950ஆம் ஆண்டு மார்ச்சில் வழக்குத் தொடர்ந்தார். மாணவர் ஆசிரியர் மீது வழக்குத் தொடுப்பது அன்றைய அறிவியல் உலகில் கேள்விப்படாத ஒன்று. பலரும் முகம் சுளித்தனர். அந்த ஆண்டின் இறுதியில் ஏற்பட்ட உடன்பாட்டில் ஷாட்ஸ் இணைக் கண்டுபிடிப்பாளர் என்று ஏற்கப்பட்டார். உரிமைத்தொகையில் அவருக்கு 3 சதவீதமும், வாக்ஸ்மனுக்கு 10 சதவீதமும், ஆய்வகத்தின் மற்றப் பணியாளர்களுக்கு 7 சதவீதமும் ஒதுக்கப்பட்டன. வாக்ஸ்மன் தமது பங்கில் பாதியை நுண்ணுயிரியல் ஆய்வுக்கான அறக்கட்டளைக்கு அளித்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே அறிவிக்கப்பட்டது. ஷாட்ஸ் எதிர்ப்புத் தெரிவித்தும் முடிவு மாறவில்லை. 1954ஆம் ஆண்டு வெளிவந்த தமது தன்வரலாற்றில் வாக்ஸ்மன் அவருடைய பெயரைத் தவிர்த்துவிட்டார். கால் நூற்றாண்டுக் கால அறிவையும் முறையையும் ஆய்வகத்தையும் தந்தவர் வாக்ஸ்மன் என்பதில் ஐயமில்லை. கண்டுபிடிப்பை உயிரைப் பணயம் வைத்துக் கைகளால் செய்தவர் ஷாட்ஸ் என்பதிலும் ஐயமில்லை. பெயரைக்கூடக் குறிப்பிடாமல் விட்டதற்கு எந்த நியாயமும் தென்படவில்லை.

மீண்டும் வயலுக்கு

வயலில் பிறந்த மருந்து 1950களில் வயலுக்கே திரும்பியது. ஆப்பிள், பேரிக்காய் மரங்களைத் தாக்கும் தீக்கருகல் நோய்க்கு அமெரிக்க விவசாயிகள் ஸ்ட்ரெப்டோமைசினைத் தெளிக்கத் தொடங்கினர். மருத்துவமனைகளில் நேர்ந்ததே தோட்டங்களிலும் நேர்ந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத தீக்கருகல் பாக்டீரியா கலிஃபோர்னியாவில் 1971ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. இந்தியாவிலும் நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல், எலுமிச்சையின் சொறி நோய், பருத்தி நோய்கள் ஆகியவற்றுக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த தூள் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவந்தது. மனிதர்களுக்கான மருந்துகள் வலுவிழக்கும் என்ற அச்சத்தால், வேளாண்மையில் இவ்விரண்டையும் தடை செய்வதற்கான வரைவு ஆணையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வாழும் நாட்டில் இந்த அச்சம் மிகையானதல்ல.

வாக்ஸ்மன் 1958ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். உரிமைத்தொகையைக் கொண்டு ரட்கர்ஸில் 1954ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட நுண்ணுயிரியல் நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் தேதி தமது 85ஆவது வயதில் அவர் காலமானார். முன்பு கடல் பாக்டீரியாக்களை ஆராய்ந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உட்ஸ் ஹோல் என்னும் கடலோர ஊரில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

ஷாட்ஸுக்கு 1994ஆம் ஆண்டு, கண்டுபிடிப்பின் 50ஆம் ஆண்டையொட்டி, ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் தனது பதக்கத்தை வழங்கியது. அப்போது அவருக்கு வயது 74. அவர் 2005ஆம் ஆண்டு காலமானார். 11ஆவது சோதனை எழுதப்பட்ட அவருடைய குறிப்பேடு, வாக்ஸ்மனின் ஆவணங்கள் உள்ள அதே பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.